வெப்பக் காற்று பலூன்கள் அதிகாலையில் பறப்பது ஏன்? சார்லஸ் விதி கூறும் கணக்கு

ராஜஸ்தானின் ஜெய்ப்பூர், புஷ்கர் பகுதிகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வெப்பக் காற்று பலூன்கள் பெரும்பாலும் சூரிய உதயத்தை ஒட்டியே புறப்படுகின்றன. அந்நேரத்தில் காற்று அமைதியாக இருக்கும் என்பது ஒரு காரணம். குளிர்ந்த காற்றில் பலூனின் தூக்கும் திறன் கூடுதலாக இருக்கும் என்பது மற்றொன்று. இதை விளக்குவதே சார்லஸ் விதி.

அழுத்தம் மாறாதிருக்கும்போது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் பருமன் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்கிறது இவ்விதி. பலூனின் அடிப்பகுதி திறந்திருப்பதால், உள்ளழுத்தம் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகவே இருக்கும். சூடேறி விரிவடையும் காற்றின் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறுகிறது. எஞ்சியிருப்பது எடை குறைந்த காற்று.

2,800 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூனில் காற்றின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் எனக் கொள்வோம். கடல் மட்டத்தில், வெளியே 20 டிகிரி நிலவினால் அதன் தூக்குவிசை சுமார் 720 கிலோ. அதுவே 40 டிகிரி வெயிலில் சுமார் 500 கிலோவாகக் குறைந்துவிடும். பலூன் துணி, எரிகலன், கூடை, எரிவாயு உருளைகள் ஆகியவற்றின் எடையும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். அதாவது, மூன்று பயணிகளின் எடைக்கு ஈடான திறன் வெப்பத்தாலேயே பறிபோகிறது.

பிரெஞ்சு அறிவியலாளர் ஜாக் சார்லஸ் 1780-களில் இத்தொடர்பைக் கண்டறிந்தபோதிலும் அதை வெளியிடவில்லை. 1802-இல் இதனை வெளியிட்ட கே-லுசாக், சார்லசின் முன்னோடிப் பணியைக் குறிப்பிட்டார். விந்தை என்னவெனில், 1783 டிசம்பர் 1-ஆம் தேதி பாரிஸில் சார்லஸ் பறந்தது வெப்பக் காற்று பலூனில் அல்ல, ஹைட்ரஜன் பலூனில்.

மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 25 டிகிரி செல்சியஸ் 50 டிகிரியாக உயர்ந்தால் பருமன் இரட்டிப்பாகாது. கெல்வினில் அது 298-இலிருந்து 323 ஆவதால், உயர்வு சுமார் 8 சதவீதமே. கோடையில் வாகன டயரில் காற்றழுத்தம் கூடுவதற்கும் இவ்விதியைச் சுட்டுவது வழக்கம், அது பொருந்தாது. டயரின் பருமன் பெரிதாக மாறுவதில்லை, அழுத்தமே உயர்கிறது.

மைனஸ் 273.15 டிகிரியில் வாயுவின் பருமன் சுழியாகிவிடும் எனக் கணக்கு காட்டும். நடைமுறையில் எந்த வாயுவும் அந்நிலையை எட்டுவதில்லை. ஹீலியம்கூட, இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது.