ஒரே எஸ்.இ.5ஏ: கிட்டிலிருந்தும் வரைபடத்திலிருந்தும்

முதல் உலகப் போரில் இந்தியர் ஒருவர் ஓட்டிய விமானத்தைச் சிறிய அளவில் செய்து பார்க்க விரும்புகிறவர் பெரும்பாலும் எஸ்.இ.5ஏ-வில்தான் வந்து நிற்பார். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய், பிரிட்டனின் 40ஆம் ஸ்குவாட்ரனில் இருந்து 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகளைப் பெற்றது இந்த இரட்டை இறக்கை விமானத்தில். 22ஆம் தேதி பிரான்ஸின் கார்வன் அருகே அவர் இறந்ததும் இதில்தான், வயது பத்தொன்பது. இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. வார்த்த பிளாஸ்டிக் பாகங்களோடு கிடைக்கும் கிட் ஒன்று. வரைபடத்தைப் பலகையில் விரித்து மரமும் தாளுமாக அடியிலிருந்து கட்டுவது இன்னொன்று.

கிட்டின் பலம் புறத்தோற்றம். 1/72 அளவில் இறக்கையின் முழு நீளமே பதினோரு சென்டிமீட்டர்தான். அதற்குள் முகப்பு ரேடியேட்டரும், மேலிறக்கை மீதுள்ள லூயிஸ் துப்பாக்கியும் தெளிவாக வந்துவிடுகின்றன. கத்தி பிடித்து அந்த நுணுக்கத்தை எட்ட வெகுகாலம் பழக வேண்டும். ஆனால் பிளாஸ்டிக்கை ஓரளவுக்கு மேல் மெல்லியதாக வார்ப்பது கடினம். இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடித்தால், உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீட்டர். துணி போர்த்திய இறக்கைக்கு அது பெரிய பொய். உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்காமல் விடக் கூடாது.

இரண்டு வழிகளும் உண்மையில் பிரிவது கம்பிகளில்தான். எஸ்.இ.5ஏ-வின் இறக்கைகள் தாமாக நிற்பவை அல்ல. மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள், நடுவே முட்டுக்கம்புகள், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாகி வலுப் பெறுகின்றன. உடலின் அடியிலிருந்து வெளிப்புற முட்டுக்கம்பின் தலைக்குச் செல்லும் கம்பி, பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் இழுத்துப் பிடிக்கும். மேலிருந்து முட்டுக்கம்பின் கால் பக்கம் இறங்கும் கம்பி, தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்கும். கிட்டில் பிளாஸ்டிக் இறக்கை ஏற்கெனவே விறைப்பாக நிற்கிறது. பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தை (ஸ்ப்ரூ) சூடாக்கி இழுத்த இழையோ தூண்டில் நரம்போ கடைசியில் ஒட்டப்படும் அலங்காரம்தான். இடம் மாற்றி ஒட்டினாலும் எதுவும் ஆடாது. வரைபடத்திலிருந்து கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு கம்பி தளர்ந்தால் இறக்கை முனை தொங்கும், மறுபக்கத்தை அதிகம் இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். 1916இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இதை வடிவமைத்தவர்கள் தீர்த்த அதே கணக்கு அவர் மேசைமேல் வந்து உட்காருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வரைபடத்தின் பக்கம் நிற்கிறேன்.

அந்த வழியில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. நகலெடுத்த வரைபடத்தை அளக்காமல் நம்பக் கூடாது. உண்மை விமானத்தின் இறக்கை நீளம் 8.11 மீட்டர், 1/48 அளவுத் தாளில் அது 169 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். பல வரைபடங்கள் வலது இறக்கையை மட்டுமே காட்டும். தாளில் எண்ணெய் தடவித் திருப்பிப் போட்டால் கோடுகள் ஊடுருவித் தெரியும். இடது இறக்கைக்கும் அதுவே போதும்.

மரம் பற்றிப் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஒரு சேதி. ஏலத்தோடும் காப்பியோடும் அந்த ஊரின் சரிவுகளுக்குப் பெயர் வாங்கித் தந்த இலவமும், மாதிரி விமானங்களுக்கென ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா மரமும் தாவரவியலில் ஒரே குடும்பம். பால்சா அளவுக்கு இலவம் லேசானதல்ல. நிற்கும் மாதிரிக்கு அது குறையில்லை. இறக்கை விலாக்களுக்கு மெல்லிய இலவந்தகடு, முட்டுக்கம்புக்கு மூங்கில் சிம்பு, போர்த்தப் பட்டத்தாள் போதும். தாளை ஒட்டி லேசாகத் தண்ணீர் தெளித்தால் காயும்போது இழுத்துக்கொண்டு விறைக்கும். அதுவரை இறக்கையைப் பலகையோடு ஊசி குத்தி வைக்காவிட்டால் கோணிப்போகும். லினன் துணி போர்த்தி, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியபோது உண்மை விமானத்திலும் இதே இழுப்புதான் நடந்தது.

பள்ளியிலோ என்.சி.சி. விமானப் பிரிவிலோ தொடங்குகிறவர் முழு விமானத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1/24 அளவில் ஒரு பக்கத்து மேல் கீழ் இறக்கைகளை மட்டும் கட்டி, உடலுக்குப் பதில் ஒரு பலகையில் பொருத்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம். அதன் பிறகு ராயின் விமானத்தைக் கிட்டில் செய்தாலும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பெட்டியின் படத்தைப் பார்க்கத் தேவையிருக்காது.