ஒரு தோட்டாக் கூடும் ஒரு மாணவனின் கேள்வியும்



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு பித்தளைக் குழாயை என் மேசைமீது வைத்தான். பத்தாங் காலியை அடுத்த பழைய இரப்பர்த் தோட்டத்தில், செம்பனை மறுநடவுக்காகக் கால்வாய் வெட்டியபோது மண்ணோடு வந்ததாம்.

"சார், பத்தாங் காலியில 24 பேரைச் சுட்டாங்களே, அந்தத் தோட்டா இதுதான்னு தாத்தா சொல்றாரு. உண்மையா சார்?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. வரலாறு கற்பிப்பவனுக்கு இதைவிட நல்ல கேள்வியும் கிடையாது, இதைவிடத் தொல்லையான கேள்வியும் கிடையாது!

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். முனையில் குண்டு இல்லை. அடிப்பகுதியின் நடுவிலுள்ள சிறு மூடியில் ஊசி குத்திய குழி இருந்தது. சுடப்பட்ட வெற்றுக் கூடு. குண்டோடு இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். பெற்றோர்களே, மண்ணுக்குள் எண்பது ஆண்டு கிடந்த தோட்டாவும் வெடிக்கக்கூடும். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். பிள்ளைகள் கண்டெடுத்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்திற்குச் சொல்லுங்கள்.

பிறகு அளவுகோலை எடுத்தோம். கூட்டின் நீளம் 56 மில்லிமீட்டர். அடியில் வெளியே நீட்டிய விளிம்பு. துணியால் துடைத்ததும் எழுத்துகள் தெரிந்தன: கே, எஃப் என்ற இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி, 41 என்ற எண், உரோம எண்ணில் ஏழு. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமையின் அடையாளம். கே, எஃப் என்பது பூனாவுக்கு அருகிலுள்ள கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலை. 41 என்பது 1941. ஏழு என்பது 1910இல் ஏற்கப்பட்ட ஏழாம் வகைத் தோட்டா. ஆக, இது 'த்ரீ நாட் த்ரீ' என்று நம் பெரியவர்கள் சொல்லும் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குரியது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதனால் வந்த பெயர். மில்லிமீட்டரில் 7.7.

இந்த 7.7 என்ற எண்ணில்தான் வம்பு இருக்கிறது. சப்பானியத் தரைப்படையின் 99ஆம் வகைத் துப்பாக்கியும் 7.7தான். ஆனால் அதன் கூடு 58 மில்லிமீட்டர். நீட்டிய விளிம்பு கிடையாது. அதே தரைப்படையின் 92ஆம் வகை இயந்திரத் துப்பாக்கிக்கு முதலில் வந்த 7.7 தோட்டாவுக்குப் பாதி விளிம்பு உண்டு. சப்பானியக் கடற்படையோ பிரிட்டிஷ் தோட்டாவையே அப்படியே படியெடுத்து, அதையும் 7.7 என்றது. ஒரே நாட்டில் ஒரே எண்ணுக்கு மூன்று தோட்டாக்கள்! எண்ணை மட்டும் பார்த்துப் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. துப்பாக்கியின் தோற்றமும் ஏமாற்றும். இந்தியாவின் இசாப்பூர் தொழிற்சாலை 1960களில் செய்த 2ஏ1 துப்பாக்கி பார்வைக்குப் பழைய லீ என்ஃபீல்டு போலவே இருக்கும். அது ஏற்பதோ 51 மில்லிமீட்டர் நீளமுள்ள, விளிம்பற்ற 7.62 தோட்டாவை.

இது நம் தமிழர்களையும் தொட்ட செய்தி. நம் தோட்டங்களிலிருந்து 1943இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களின் கையில் பெரும்பாலும் இருந்தவை, 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்தபோது விட்டுச்சென்ற துப்பாக்கிகள். தோழமைப் படையான சப்பானியத் தரைப்படையின் துப்பாக்கித் தோட்டா அவற்றில் பொருந்தாது.

சரி, மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

1948 டிசம்பர் 11 அன்று ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் பத்தாங் காலியின் சுங்கை ரீமோ தோட்டத்துக்குள் நுழைந்தனர். அன்று ஒருவர் சுடப்பட்டார். மறுநாள் பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆண்கள் 23 பேரைச் சுட்டுக் கொன்றனர். அனைவரும் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர்கள். தப்பியோட முயன்றதால் சுட்டோம் என்பது அரசின் விளக்கம். 1970இல் அந்தப் படையினரில் சிலரே ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாளிடம் அதை மறுத்தனர். தொடங்கிய விசாரணை அதே ஆண்டு ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. பொது விசாரணை கோரிய குடும்பங்களின் வழக்கை 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை.

அன்றைய பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிகளும் பிரென் இயந்திரத் துப்பாக்கியும் இதே 303 தோட்டாவைத்தான் பயன்படுத்தின. ஆகவே தாத்தா சொல்வது நடக்கவே முடியாதது அன்று. 1941இல் செய்த தோட்டாவை 1948இலும் சுடலாம். ஆனால் 1942 சனவரி 7இல் சிலிம் ரிவரில் தோற்ற இந்தியப் படைகள் பின்வாங்கியதும் இந்தப் பக்கமாகத்தான். சப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்களிடமும், அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களிடமும் 303 இருந்தது. கூட்டின் அடியிலுள்ள எழுத்து, செய்த இடத்தையும் ஆண்டையும் சொல்லும். சுட்டவன் பெயர் அதில் இல்லை.

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மாணவன் முகம் வாடிவிட்டது. "அப்ப தாத்தா பொய் சொல்றாரா சார்?" என்றான். இல்லை என்றேன். தாத்தா 1948இல் பிறந்திருக்கவே இல்லை. தம் தந்தையிடம் கேட்டதைச் சொல்கிறார். அந்தத் தந்தை அக்காலத்தில் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், எதைக் கண்ணால் பார்த்தார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று விசாரித்து எழுதி வரச் சொன்னேன்.

கூட்டை அன்று மாலையே காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். மாணவன் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதி வந்திருக்கிறான். கொள்ளுத்தாத்தா சுங்கை ரீமோவில் வேலை செய்யவில்லையாம். லாரியில் அழுதுகொண்டு போன பெண்களைச் சாலையோரத்தில் நின்று பார்த்தாராம்.