முதுமையும் முன்சோதனையும்: மதுரைச் சமவெளியின் அனுபவம்

நோயாளி மருத்துவமனைக்கு வருமுன் மருத்துவமே ஊரைத் தேடிச் சென்று நோயைக் கண்டறியும் வழக்கம் மதுரைச் சமவெளியில் வேரூன்றியது கண் முகாம்களால்தான். 1960களிலேயே கிராம முகாம்களை நடத்திவந்த அரசுக் கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபின் அவ்வழக்கம் பெருகியது. தொடக்கத்தில் முகாம் நடந்த இடத்திலேயே அறுவையும் நடந்தது. நாளடைவில் ஊரில் சோதனை மட்டும் செய்து, அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் செல்லும் முறை நிலைபெற்றது.

முகாமுக்கு வருவோரில் பெரும்பாலோர் முதியோர். பார்வைப் பலகையைப் படிக்கச் சொல்வது, டார்ச் ஒளியில் விழியைப் பார்ப்பது, கண்ணழுத்தம் அளப்பது என்று நகரும் வரிசையில், கண்ணீர்ப்பையை அழுத்திச் சீழ் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். அங்குள்ள கிருமி அறுவை செய்த கண்ணையே கெடுத்துவிடும். பிரஷரோ சர்க்கரையோ கூடியிருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். புரை முத்தட்டும் என்று காத்திருந்து, அறுவைக்குப்பின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு காலந்தள்ளிய நிலை, 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் விழிக்குள் பொருத்தும் லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியபின் மாறியது. இவ்வரலாற்றில் வயது ஒருபோதும் தடையாக நிற்கவில்லை. கட்டு அவிழ்த்த சில நாள்களிலேயே பார்வை தெளிவதால், எஞ்சிய ஆயுள் இரண்டே ஆண்டு என்றாலும் அந்த இரண்டு ஆண்டும் ஒளியோடு கழியும்.

புற்றுநோயில் கணக்கு வேறு. 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல் பகுதியில், அம்பிளிக்கை மருத்துவ மையத்தின் துணையோடு 2000-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெண்மையாகும் திசுவைக் கண்டறிந்தனர். 30 முதல் 59 வயதுவரையான பெண்களே அதில் சேர்க்கப்பட்டனர். 2007-இல் வெளியான முடிவு, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது; அந்தப் பலன் வெளிப்பட ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

பெருங்குடல் புற்றுநோயில் இந்த இடைவெளி இன்னும் நீளம். குடலில் தோன்றும் சிறு கட்டி புற்றாக மாறுவது மெதுவாக நடப்பதால், சோதனையின் பலன் கைக்கு வரச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். பேதி மருந்தால் உடல்நீர் வற்றுதல், குடல்நோக்கிக் குழாயால் குடல் துளைபடுதல், இரத்தக்கசிவு ஆகிய தீங்குகளோ அன்றே நேரக்கூடியவை, வயதோடு கூடுபவை. எனவேதான் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2008-இல், 75 வயதுவரை சோதனையைப் பரிந்துரைத்து, 76 முதல் 85 வரை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும், அதற்குமேல் செய்யவே வேண்டாம் என்றும் வரையறுத்தது. இந்தியா 2016-இல் வகுத்த வழிமுறையில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றதால், குடல் சோதனை பற்றிய முடிவு இங்கே மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமுமே விடப்பட்டுள்ளது.

அவர்கள் நோயாளி பிறந்த ஆண்டை மட்டும் பார்த்தால் தவறிவிடுவார்கள். வயலுக்கு நடந்து போய்வரும் 76 வயதுக்காரருக்குச் சோதனை பயன் தரலாம். இதயம் தளர்ந்து, சிறுநீரகமும் செயலிழந்த 68 வயதுக்காரருக்கு அது வேதனையை மட்டுமே கூட்டக்கூடும். ஆனால் மலத்தில் இரத்தம், காரணமற்ற சோகை, திடீரென மாறிய மலப்போக்கு ஆகியவை தென்பட்டபின் செய்வது முன்சோதனை அன்று, நோயறிதல். அங்கே வயதைக் காட்டி எவரையும் திருப்பி அனுப்பலாகாது.