பொட்டலம் கட்டியவர்கள்: பெர்ல் துணைநிரல்களும் டெபியன் இயங்குதளமும்



எங்கள் தோட்டப் பள்ளியில் தேர்வுப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி போடும் வேலை, ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிரியர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வழக்கம். என்னிடம் படித்துப் பட்டணத்துக்கு வேலைக்குப் போன ஒரு மாணவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்தத் தொல்லையைப் பார்த்தான். "நான் ஒன்று எழுதித் தருகிறேன், சார்" என்று சொல்லி, பெர்ல் என்னும் கணினி மொழியில் முப்பது வரிக்குள் ஒரு நிரல் எழுதினான். அவனுடைய கணினியில் அது கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டியது. அதையே பள்ளிக் கணினியில் ஏற்றினோம், ஓடவில்லை. ஏதோ ஒரு துணைநிரல் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. அவன் அதைத் தேடிக் கொண்டுவந்து வைத்தான். அந்தத் துணைநிரலுக்குத் துணையாக இன்னொன்று வேண்டுமாம். அதையும் வைத்தான், மூன்றாவது ஒன்றைக் கேட்டது. இரவு பதினொரு மணிக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன், சார். கட்டி வைத்திருக்கிற பொட்டலத்தையே எடுத்திருக்கணும்" என்றான். அதன்பின் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அந்தப் பொட்டலத்தை யார் கட்டினார்கள்? எதற்காகக் கட்டினார்கள்? கூலி யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குரிய வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெர்ல் மொழியை உருவாக்கியவர் லேரி வால் என்னும் அமெரிக்கர். இவர் மொழியியல் படித்தவர். எழுத்து வடிவமே இல்லாத ஏதாவதொரு மொழியைக் கண்டறிந்து, அதற்கு எழுத்து அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவரும் அவர் மனைவியும் எண்ணியிருந்தார்கள். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. மனிதருக்கு எழுத்து அமைக்கப் புறப்பட்டவர் கணினிக்கு ஒரு மொழி அமைத்தது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. பல கோப்புகளில் சிதறிக் கிடந்த விவரங்களைத் திரட்டி அறிக்கையாகத் தொகுக்கும் வேலை அவருக்கு வந்தது. கையிலிருந்த கருவிகள் போதவில்லை. ஆகவே புதிதாக ஒன்றைச் செய்தார். 1987ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் அது வெளியிடப்பட்டது. விலை வைக்கவில்லை, உள்ளே இருக்கும் மூலநிரலையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார். எழுதிய உடனே ஓட்டிப் பார்க்கத்தக்க இத்தகைய மொழிகள் சின்னச் சின்ன அன்றாட வேலைகளுக்கு மிகவும் ஏற்றவை.

1994இல் பெர்லின் ஐந்தாம் பதிப்பு வந்தது. ஒருவர் எழுதிய பகுதியை மற்றவர் எடுத்துத் தம் நிரலில் பூட்டிக்கொள்ளும் வசதி அதில் செம்மையாக அமைந்தது. ஆங்கிலத்தில் 'மாட்யூல்' என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியைத்தான் நான் துணைநிரல் என்று சொல்கிறேன். நாள் கணக்கிட ஒன்று, அட்டவணை படிக்க ஒன்று, கடிதம் அனுப்ப ஒன்று என்று உலகெங்கும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்க 1995இல் 'சீபேன்' என்னும் பொதுக் களஞ்சியம் திறக்கப்பட்டது. அதன் மூலத்தளம் பின்லாந்து நாட்டுக் கல்வி வலையமைப்பில் இருந்தது. இன்று அந்தக் களஞ்சியத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட துணைநிரல்கள் இருக்கின்றன.

களஞ்சியத்தில் நெல் இருக்கிறது என்பதற்காக உலையில் சோறு வந்துவிடுமா? எங்கள் பள்ளிக் கணினியில் நடந்தது அதுதான்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். கணினியின் உறுப்புகளையெல்லாம் மேய்த்து வேலை வாங்கும் அடிப்படை நிரல்தொகுதியே இயங்குதளம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் அதன் கருப்பகுதியை எழுதி, அதே பின்லாந்துத் தளத்தின் வழியாகவே உலகுக்கு வழங்கினார். கரு மட்டும் இருந்தால் போதாது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான நிரல்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்த்துக் கொடுத்த தொகுப்புகளில் ஒன்று பிழைகள் மலிந்து, கவனிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டு மனம் வெதும்பியவர் இயன் மர்டாக் என்னும் இளைஞர். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார், வயது இருபது. 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், புதியதொரு தொகுப்பைப் பலரும் சேர்ந்து பொறுப்பாகச் செய்வோம் என்று அறிவித்தார். அன்று அவருடைய காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து 'டெபியன்' என்று பெயரிட்டார்.

டெபியனில் ஒவ்வொரு நிரலும் ஒரு பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்து வைக்கும் கருவி 1994இலேயே வந்துவிட்டது. ஒரு பொட்டலத்தைக் கேட்டால் அதற்குத் துணையானவற்றையும் தானே வரவழைக்கும் 'ஆப்ட்' என்னும் கருவி 1999இல் வெளியான டெபியன் 2.1இல் சேர்ந்தது. என் மாணவன் தட்டிய ஒற்றைக் கட்டளை இதற்குரியதே.

நேயர்களே, நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக யாரும் நினைப்பதில்லை. ஒரு காலத்தில் ரப்பர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கண்ணாலேயே தரம் பிரித்தார்கள். 1965இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் வந்தபோது, அழுக்கு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கட்டியாக அழுத்தி, பாலிதீனில் சுற்றி, தரக் குறியிட்டு அனுப்பும் முறை ஏற்பட்டது. வாங்குகிறவன் கட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை; குறியை நம்பலாம். டெபியனில் துணைநிரலைப் பொட்டலம் கட்டுபவரின் வேலையும் இதே தன்மையுடையதுதான்.

அவர் என்னென்ன செய்கிறார் என்று கேளுங்கள். முதலில் பெயர். அட்டவணை படிக்கும் 'டெக்ஸ்ட் சிஎஸ்வி' என்ற துணைநிரல் டெபியனுக்குள் வரும்போது 'லிப்-டெக்ஸ்ட்-சிஎஸ்வி-பெர்ல்' என்றாகிறது. முன்னால் லிப், பின்னால் பெர்ல். நடுவில் சொந்தப் பெயர். பெயரைப் பார்த்தாலே எந்த மொழிக்குரிய துணைநிரல் என்று தெரிந்துவிடும்.

அடுத்து உரிமை. எழுதியவர் பிறர் எடுத்துக்கொள்ள உண்மையில் அனுமதித்திருக்கிறாரா? ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலோர் 'பெர்லுக்குரிய நிபந்தனைகளே இதற்கும்' என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். சிலர் அதையும் மறந்திருப்பார்கள். அப்போது பொட்டலம் கட்டுபவர் எழுதியவருக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்தத் துணைநிரல் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் உள்ளே வராது. 1997இல் டெபியன் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம் என்னும் உறுதிமொழியில், தங்கள் இயங்குதளம் முழுவதும் கட்டற்றதாகவே இருக்கும் என்றும், குறைகளை மறைக்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். வெறும் வாய்ப்பேச்சு அன்று. அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் அது நிறைவேறுகிறது.

மூன்றாவதே எங்கள் பள்ளியில் காலை வாரிய சமாச்சாரம்: எது எதைச் சார்ந்து நிற்கிறது என்ற பட்டியல். எந்தத் துணைநிரலுக்கு எது வேண்டும், எந்தப் பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்று 'கன்ட்ரோல்' என்னும் சிறு கோப்பில் எழுதி வைக்கிறார்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு விழித்திருக்க வேண்டியதுதான். பிறகு சோதனை. பெர்ல் எழுதுவோரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. துணைநிரலோடு அதைச் சோதிக்கும் கேள்விகளையும் எழுதி அனுப்புவார்கள். பொட்டலம் கட்டும்போது அந்தச் சோதனைகள் ஓடும். ஒன்று தவறினாலும் பொட்டலம் உருவாகாது.

தொடக்கத்தில் ஒரு பொட்டலத்துக்கு ஒருவர் பொறுப்பு என்பதே பெரும்பாலும் நடைமுறை. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் தோன்றும். ஆனால் இவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர். ஒருவருக்குப் பிள்ளை பிறக்கிறது, ஒருவருக்கு வேலை மாறுகிறது, ஒருவர் சலித்துப் போகிறார், ஒருவர் இறந்தும் போகிறார். அவர் பொறுப்பிலிருந்த பொட்டலம் அநாதையாகிவிடும். அநாதை என்றே அதற்கு டெபியனில் பெயர். அடுத்த வீட்டுக்காரன் பொட்டலத்தில் பிழை தெரிந்தாலும் கை வைக்கக் கூச்சம். மேலும் துணைநிரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பவை. ஒருவர் அயர்ந்தால் பத்துப் பேரின் வேலை நின்றுபோகும்.

இதைக் கண்டுதான் 2004இல் டெபியன் பெர்ல் குழு தோன்றியது. என் பொட்டலம், உன் பொட்டலம் என்ற பேச்சை விட்டு, எல்லாம் குழுவின் பெயரில் என்று வைத்துக்கொண்டார்கள். மூலக் கோப்புகள் ஒரே பொது இடத்தில் இருக்கும். குழுவில் யாரும் எதையும் திருத்தலாம். செய்ததைக் குறிப்பேட்டில் பெயரோடு எழுதிவிட வேண்டும். நாம் கோயில் திருவிழாவுக்கு முன் கூடிச் செய்கிற கோத்தோங் ரோயோங்தான் இது. இன்று 3,000க்கு மேற்பட்ட பொட்டலங்களை இக்குழு பேணிவருகிறது. களஞ்சியத்திலிருந்து ஒரு துணைநிரலை எடுத்துப் பொட்டலத்தின் முதல் வடிவத்தைத் தானே வரைந்து தரும் கருவியும் அவர்களிடம் உண்டு. ஆயினும் உரிமையைப் படிப்பதும் விளக்கம் எழுதுவதும் மனிதர் வேலையாகவே இருக்கின்றன.

பொட்டலம் கட்டுகிறவர் தவறினால் என்ன ஆகும்? பெர்ல் துணைநிரல் அல்லாத ஒன்றில் டெபியனுக்கு நேர்ந்த விபத்தைச் சொல்கிறேன். கணினிகள் ஒன்றோடொன்று மறைவாகப் பேசுவதற்கு வேண்டிய இரகசியச் சாவிகளைச் செய்து தரும் 'ஓப்பன்-எஸ்எஸ்எல்' என்ற நிரல்தொகுதி இருக்கிறது. 2006இல் டெபியன் பொட்டலத்தில் அதன் சில வரிகள் நீக்கப்பட்டன. சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியதால் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தமே அது. ஆனால் சாவிகளை ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் செய்வதற்கான வரிகள் அவை. அதன்பின், ஒரே வகைக் கணினியில் ஒரே அளவில் உருவாகும் சாவிகள் 32,767 வகைக்குள் அடங்கிவிட்டன. கள்ளன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம். ஏறத்தாழ இரண்டாண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. 2008 மே 13ஆம் நாள் டெபியன் தானே இதைப் பகிரங்கமாக அறிவித்து, அக்காலத்தில் செய்த சாவிகளையெல்லாம் மாற்றிவிடும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டது. குறைகளை மறைக்க மாட்டோம் என்ற உறுதிமொழிக்கு வந்த சோதனை அது என்பேன். மூலத்தில் செய்யும் எந்தத் திருத்தத்தையும் முதலில் எழுதியவருக்கு அனுப்பி அவர் கண்ணிலும் பட வைக்க வேண்டும் என்பது எவ்வளவு இன்றியமையாதது என்று அன்று பலருக்கும் புரிந்தது.

2013இல் பெர்ல் குழுவுக்கு வேறு வகையான சிக்கல். அந்த மே மாதம் வெளிவந்த பெர்ல் 5.18இல், பெயரும் மதிப்புமாகச் சேமித்து வைக்கும் ஒரு வகைப் பட்டியலின் வரிசை, நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் மாறும்படி செய்திருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது. அந்தப் பட்டியலுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது என்பது முன்பிருந்தே சொல்லப்பட்டதுதான். ஆனாலும் பழக்கத்தில் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்ததால், பல நிரல்கள் அதையே நம்பியிருந்தன. காலையில் பெரட்டுக்கு வருகிறவர்கள் தினமும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துப் பழகிய கங்காணி, பெயரைக் கேட்காமலே வருகை எழுதிவிட்டால் எப்படி? ஒரு நாள் வரிசை மாறி நின்றால் சம்பளமே மாறிப்போகும். துணைநிரல்களின் சோதனைகள் ஆங்காங்கே தோல்வியுற்றன. புதிய பெர்லை டெபியனுக்குள் விடுவதற்கு முன்பே பொட்டலங்களைக் கட்டிப் பார்த்து, எவை விழுகின்றன என்று குறித்து, திருத்தங்களை எழுதியவர்களுக்கு அனுப்பினார்கள். பெர்லின் பெரிய பதிப்பு ஒவ்வொன்று மாறும்போதும் நூற்றுக்கணக்கான பொட்டலங்களை இப்படி மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது. பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்றுமே நடந்ததாகத் தெரியாது.

இப்போது இளைஞர்கள் பெர்லை அவ்வளவாகப் படிப்பதில்லை என்பது உண்மை. பைத்தான் முதலிய மொழிகளின் பக்கம் போய்விட்டார்கள். ஆனாலும் பொட்டலம் கட்டும் கருவிகளில் பல பெர்லிலேயே எழுதப்பட்டவையாதலால், டெபியன் கணினி ஒவ்வொன்றிலும் பெர்லின் அடிப்படைப் பகுதி இருந்தே தீரும். 2015 டிசம்பரில் இயன் மர்டாக் மறைந்தார். டெபியன் நிற்கவில்லை. அதன் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. தமிழிலேயே கேள்வி கேட்டு நிறுவிக்கொள்ளும் வசதியும் டெபியனில் உண்டு.

மறு விடுமுறைக்கு அந்த மாணவன் வந்தபோது, "கட்டியது யார் என்று கேட்டீர்களே, சார்" என்று சொல்லி, பள்ளிக் கணினியிலேயே அந்தப் பொட்டலத்தின் குறிப்பேட்டைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே செய்தவர் பெயர், நாள், மணி, நிமிடம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்தார்கள். பாதிப் பெயர்கள் அவர்கள் நாவில் நுழையவில்லை; எனக்கும்தான்.