ஆவிகளின் பெயராற் பேசிய பெண்கள்

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியிலே சாலினி என்னும் எயினர்குலப் பெண் தெய்வமுற்று ஆடுகின்றாள். கொற்றவைக்குச் செலுத்தவேண்டிய கடனைச் செலுத்தாதிருக்கும் தன் குலத்தவரை அவள் இடித்துரைக்கின்றாள். வில்லேந்திய மறவர் அவள் சொல்லைத் தலைவணங்கிக் கேட்கின்றனர். பேசுபவள் அவளல்லள், கொற்றவையே என்பது அவர்தம் துணிபு. நமக்கு இஃது அறிந்த காட்சி. ஆயின், புகைவண்டியும் மின்தந்தியும் பெருகிவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐக்கிய அமெரிக்காவின் நகர மண்டபங்களிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்ந்தது என்றால் நேயர்கள் வியப்புறுதல் கூடும்.

1848ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் இரவு, நியூயோர்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்னுஞ் சிற்றூரிலே, பொக்ஸ் குடும்பத்தின் வீட்டில் இனந்தெரியாத தட்டொலிகள் கேட்டன. மார்கிரெற், கேற் என்னும் இரு சிறுமியர் வினாத் தொடுக்க, ஒலிகள் விடையிறுத்தனவாம். இறந்தோரின் ஆவியே தட்டுகின்றது என்ற செய்தி ஊரெங்கும் பரந்தது. இறந்தவரோடு உரையாடலாம் என்னும் ஆவியுலகக் கொள்கை ஓர் இயக்கமாக வளர்ந்தது இதன் பின்னரே. ஆவிகளுக்கும் மானிடர்க்கும் இடையே நின்று பேசுவோரை ‘மீடியம்’ என்றனர்.

அதே ஆண்டு யூலைத் திங்களில், அதே மாநிலத்தின் செனெக்கா போல்ஸ் நகரில், அமெரிக்காவின் முதலாவது பெண்ணுரிமை மகாநாடு கூடியது. இவ்விரண்டும் அண்மையில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆனால், இரண்டிலும் ஈடுபட்டவர் பலர் ஒருவரே என்பது தற்செயலன்று. றொச்செஸ்ரர் நகரத்து எமி போஸ்ற் என்னும் அம்மையார் மகாநாட்டுப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர். அடிமை ஒழிப்புக்கு உழைத்தவர். பொக்ஸ் சகோதரியரை முதன்முதல் நம்பியவர்களுள் ஒருவரும் அவரே.

அக்காலத்திற் பெண்ணொருத்தி பொதுமேடையேறுதல் எத்துணை அரியது என்பதற்குச் சான்றுகள் பல. 1837இல், அடிமை முறையை எதிர்த்துப் பேசிய கிறிம்கே சகோதரியரைக் கண்டித்து மசாசூசெற்ஸ் குருமார் சுற்றறிக்கை ஒன்று விடுத்தனர். பெண் கொழுகொம்பைப் பற்றிப் படரும் கொடி போன்றவள், கொடி தானே கொம்பாக முயலின் வீழ்ந்தொழியும் என்பது அதன் கருத்து. பெண்ணுரிமையாளர் தாமும் இத்தயக்கத்தினின்று முற்றும் விடுபட்டவரல்லர். 1848 ஓகஸ்ற்று 2ஆம் நாள் றொச்செஸ்ரரிற் கூடிய இரண்டாவது மகாநாட்டிலே, அபிகேல் புஷ் என்ற பெண்மணி தலைமை வகிக்க முன்வந்தபோது, முதல் மகாநாட்டைக் கூட்டிய எலிசபெத் கேடி ஸ்ரான்ரனும் லுக்கிறீசியா மொற்றுமே அதனை எதிர்த்தனர். பெண் தலைமை வகிப்பது அவர்க்கே அத்துணைத் துணிகரமாகத் தோன்றிற்று!

இந்நிலையிலேதான் ஆவியுலகக் கொள்கை ஒரு விந்தையான வழியைத் திறந்தது. பெண் மெல்லியள், நரம்பு நொய்தானவள், தனக்கெனத் தனிச் சித்தமில்லாதவள், தூயவள், பத்தி மிக்கவள் என்பன அன்றைய சமூகம் பெண்மைக்கு வகுத்த இலக்கணங்கள். இவற்றைக் காட்டியே அவளுக்குக் கல்லூரியும் சட்டசபையும் பிரசங்க மேடையும் மறுக்கப்பட்டன. ஆவியுலகத்தார் இவ்விலக்கணத்தை மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டனர். மோர்ஸ் என்பாரின் தந்தி 1844இல் வழக்குக்கு வந்திருந்தமையால், மின்சாரத்தையே உவமையாக்கி, ஆண் நேரேற்றமுடையவன், பெண் மறையேற்றமுடையவள் என்றனர். தன் சித்தம் அடங்கியவரிடத்தன்றோ பிறிதொரு சித்தம் வந்து குடிகொள்ளும்? ஆகவே மீடியமாதற்கு மிகப் பொருத்தமானவள் பெண்ணே என முடித்தனர். பெண்ணை வாய்மூடச் செய்த அதே குணங்கள் அவள் வாயைத் திறந்துவிட்டன.

கோறா ஸ்கொற் என்பவர் 1840இற் பிறந்தவர். பதினொரு வயதளவிற் பரவசநிலையடையத் தொடங்கினார். பதினாறு வயதளவில் அவர் மேடையேறும்போது, சபையோர் தேர்ந்த குழுவொன்று அவ்விடத்திலேயே தலைப்பைக் கொடுக்கும். விஞ்ஞானமாயினும் தத்துவமாயினும், ஆவியின் ஏவலாற் பேசுவதாகக் கூறித் தங்குதடையின்றிப் பேசுவார். இவரையொத்த பெண்கள் பலர் பெஞ்சமின் பிராங்ளின் முதலிய ஆடவரின் ஆவிகள் தம்முட் பேசுவதாகக் கூறினர். பெண்ணின் குரல் சபையேறுவதற்கு இறந்துபோன ஓர் ஆணின் சிபாரிசு வேண்டியிருந்தது! வெர்மொன்ற் மாநிலத்து அக்சா ஸ்பிறேக் நெடுங்காலம் மூட்டுநோயாற் படுக்கையிற் கிடந்தவர். ஆவிகளாற் குணமுற்றதாக நம்பி எழுந்து, ஊர் ஊராகச் சென்று பேசி, சிறைகளிற் கைதிகளையும் கண்டு, 1862இல் முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாது மறைந்தார்.

ஸ்ரான்ரனும் அவர்தம் தோழியரும் தொகுத்த பெண் வாக்குரிமை வரலாறு, பெண்ணின் சமத்துவத்தை ஏற்றுக்கொண்ட சமயப் பிரிவு ஆவியுலகத்தாருடையதே என்று பதிவுசெய்கின்றது. இது சிறிய சான்றன்று.

ஆனால் இரவற்குரலுக்கு விலையுமிருந்தது. கோறாவின் முதற் கணவர் ஹச் அவரினும் முப்பது ஆண்டளவு மூத்தவர். மனைவியின் மேடையை நடத்தி வருவாயைத் தாமே கையாண்டார். மணம் முறிந்ததும், 1859இல், ஆவியுலகத்தார் இல்லறத்தைக் கெடுக்கின்றனர் என்று நூலெழுதி வெளியிட்டவரும் அவரே. இம்மனிதரைப் பற்றி மேலும் பேசுதல் வீண்.

சோதனை என்னும் பெயரால் நிகழ்ந்த இழிவுகளும் உள. 1849 நவம்பரில் றொச்செஸ்ரரின் கொறிந்தியன் மண்டபத்திற் பொக்ஸ் சகோதரியர் தோன்றியபோது, பெண்கள் குழுவொன்று அவர்தம் ஆடைகளைக் களைந்து சோதித்தது. அதனினும் கொடியது மருத்துவத்தின் பெயரால் வந்த இடர். அடங்கிய சித்தம் தெய்வத்தின் வாயிலென்று ஒருசாரார் கொண்டாட, பிறிதொருசாரார் அதுவே பித்தின் அறிகுறி என்றனர். இங்கிலாந்தில் லூயிசா லோ என்னும் குருவானவரின் மனைவி, ஆவி தன் கையை இயக்கி எழுதுவிப்பதாகக் கூறியவர். 1870இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். வெளிவந்து, 1873இல் மனநோய்ச் சட்டத்தைத் திருத்துதற்கென ஒரு சங்கத்தையே நிறுவினார். யோர்ஜினா வெல்டன் என்பாரின் கதை இன்னும் சுவையானது. 1878இல் அவருடைய கணவர், போர்ப்ஸ் வின்ஸ்லோ என்னும் மருத்துவரின் துணைகொண்டு அவரை விடுதியில் அடைக்க முயன்றார். பற்றிச் செல்ல வந்தோரிடமிருந்து தப்பிய அவ்வம்மையார், அடைக்கும் ஆணை காலாவதியாகும் ஏழு நாளும் ஒளிந்திருந்தார். அன்றைய சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் வழக்காடல் இயலாது. 1882ஆம் ஆண்டு மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் அத்தடையை நீக்கியதும், ஒன்றன்பின் ஒன்றாக வழக்குத் தொடுத்து, நீதிமன்றிலே தாமே வாதாடி நட்டஈடும் பெற்றார். ஆங்கே பேசியது எந்த ஆவியுமன்று; வெல்டனே.

விக்ரோரியா வூட்ஹல் அம்மையாரும் சிறு வயதிலே பரவசநிலை கண்டவர். 1871 சனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு முன்தோன்றிப் பெண் வாக்குரிமைக்காக வாதித்தார். அவ்வாண்டே ஆவியுலகத்தாரின் தேசியச் சங்கத்துக்குத் தலைவரானார். 1872இற் குடியரசுத் தலைவர் பதவிக்கும் நிறுத்தப்பட்டார். ஒரு பிரபல குருவின் ஒழுக்கம் பற்றித் தம் இதழிலே தம் பெயராலேயே எழுதியமையால், தேர்தல் நாளன்று அவர் இருந்தது சிறையில். ஆவியின் பெயராற் பேசிய பெண்ணுக்குக் கிடைத்த பொறுமை தன் பெயராற் பேசிய பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தட்டொலிகள் மெய்யோ பொய்யோ என்ற வினா எழும். 1888 ஒக்ரோபர் 21ஆம் நாள் மார்கிரெற், நியூயோர்க் மேடையிலே, அவை தம் கால்விரல் மூட்டொலியே எனக் காட்டினார். அடுத்த ஆண்டு அவ்வாக்கைத் தாமே மறுத்தார். கேற் 1892இலும் மார்கிரெற் 1893இலும் வறுமையில் இறந்தனர். ஒலி பொய்யென்றே கொள்வோம். அதனைச் சாட்டாகக் கொண்டு மேடையேறிய பெண்களின் சொல்வன்மை பொய்யாகாது.

இவ்வடக்கத்தையே பெண்மையின் சிறப்பாகக் கொள்ள மறுத்தவரும் அவ்வுலகத்திலிருந்தே தோன்றினர். பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஒல்கொற்றும் முதன்முதற் சந்தித்தது, 1874இல், வெர்மொன்ற் மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் நடந்த ஆவியழைப்புக் கூட்டங்களிலே. 1875இற் பிரம்மஞான சபையை நிறுவி, 1880 மே மாதத்திற் காலித் துறைமுகத்தில் இறங்கிய அவர்களை இலங்கையர் நன்கறிவர். பிளவாட்ஸ்கி, தாம் மீடியமல்லர் என வற்புறுத்தினார். சித்தத்தை இழத்தல் ஆபத்து, சித்தத்தை ஆளுதலே ஞானம் என்பது அவர் கொள்கை. அச்சபைக்கு 1907இல் தலைவரான அன்னி பெசன்ற் பரவசநிலையின் துணையின்றியே மேடைகளை ஆண்டவர். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது அவரே முதற்றலைவர். அதனை நிறுவியவர்களுள் மார்கிரெற் கசின்ஸ் அம்மையாரும், இலங்கையரான ஜினராஜதாசரின் மனைவி டொறதியும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையிற் பெண்கள் தூதுக்குழுவொன்று இந்திய மந்திரி மொன்ரேகுவைச் சென்னையிற் கண்டு வாக்குரிமை கோரியது. 1921இற் சென்னைச் சட்டசபை, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு அதனை வழங்கிற்று. இலங்கைப் பெண்கள் 1931இல், அத்தகைய தகுதி எதுவும் கேட்கப்படாமல், வாக்களித்தனர்.