சென்னையில் மடித்த சதுரம்

காகித மடிப்பு என்றாலே லூனாஸ் பக்கத்துப் பிள்ளைகள், 'ஓரிகாமி, ஜப்பான்காரங்க கலை' என்று முடிச்சிடுவாங்க. 1893இல் சென்னையில் வெளிவந்த ஒரு கணித நூலைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லலாம். எழுதியவர் டி. சுந்தர ராவ். சதுரத் தாளை மடித்து மடித்தே வடிவியலை விளக்கினார். யோசனை தந்தது ஃபுரோபெல் முறைப் பாலர் பள்ளிப் பெட்டி: 200 வண்ணச் சதுரத் தாள்கள், மடிப்பை அழுத்த ஒரு கருவி, விளக்கப் படங்கள். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1895இல் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதன் பிறகே 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. அதாவது, பாலர் பள்ளி விளையாட்டு சென்னை வழியாகக் கணிதமாகி வெளிநாடு போயிருக்கு!

அந்த அழுத்தும் கருவியை மட்டும் நாம் விட்டுவிடுகிறோம். மெல்லிய தாளுக்கு நகமே போதும். மணிலா அட்டையில் கோபுரமோ லயத்து வீடோ செய்யும்போது, வெறுமனே மடித்தால் மடிப்பு கோணலாகும், மேல்தாள் வெடிக்கும். அடிக்கோல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் முதலில் அழுத்திக் கோடு போடச் சொல்லுங்க. பள்ளம் வெளிப்பக்கம் வரணும். கத்தி வேண்டாம், நாலு தரம் திறந்து மூடினால் அந்த இடம் அறுந்துவிடும்.