போர்ஷே 911 காற்றுக்குளிர்ச்சி எஞ்சின்: வால்வு இயக்கப் பாகங்களின் மேம்பாடு

காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் போர்ஷே 911 கார் 1963ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு அறிமுகமானது; 1998இல் 993 வகையோடு அந்த எஞ்சினின் காலம் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் வால்வு இயக்கத்தின் அடிப்படை அமைப்பு மாறவில்லை, பாகங்கள் மட்டுமே மாறிவந்தன. அந்த மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பழைய 911 எஞ்சினைப் பிரித்து மேம்படுத்துகிறவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சாலையில் ஓடும் வண்டியில் இந்த வால்வு இயக்கத்தைத் தின்றது சுழல்வேகம் அல்ல; வெப்பமும், ஆயில் போய்ச் சேராத இடங்களும்தான்.

இந்த அமைப்பு ஒரே நாளில் பிறந்ததல்ல. முந்தைய 356 காரின் சாதாரண எஞ்சினில் வால்வுகளைத் தள்ளியவை புஷ் ராடுகள். எர்ன்ஸ்ட் ஃபூர்மன் 1950களின் தொடக்கத்தில் வடிவமைத்த 547 எஞ்சினில் நான்கு கேம் ஷாஃப்டுகள் இருந்தன. அவற்றைச் சுழற்றியவை பற்சக்கரங்களும் தண்டுகளும். பந்தயத்தில் புகழ்பெற்ற அந்த எஞ்சினை டைமிங் பிசகாமல் கோர்ப்பது கைதேர்ந்தவர்களுக்கே பல மணி நேர வேலை. அன்றாடம் விற்கும் காருக்கு அது சரிப்படாது என்பதால், ஆறு சிலிண்டர் முயற்சி 745 என்ற எண்ணில் மறுபடி புஷ் ராடுகளோடு தொடங்கியது. கிரேங்க் ஷாஃப்டுக்கு மேலே ஒரு கேம், கீழே ஒரு கேம். அதுவும் கைவிடப்பட்டது. ஃபெர்டினான்ட் பீயெக், ஹான்ஸ் மெட்ஸ்கர் ஆகியோர் பங்குகொண்ட இறுதி வடிவத்தில் இருபுறமும் தலைக்கு ஒரு கேம் ஷாஃப்ட், அதைச் சுழற்ற ஒரு இரட்டைவரிச் செயின், சிலிண்டருக்கு இரண்டு ராக்கர்கள் என்ற ஏற்பாடு நிலைத்தது. 1,991 கன செ.மீ. கொள்ளளவில் 130 குதிரைத்திறன் கிடைத்தது. புஷ் ராடு போனதால் ஆடும் எடை குறைந்தது. வேகத்துக்கு வேண்டிய தாங்குதிறன் வடிவமைப்பிலேயே வந்துவிட்டது.

பலவீனம் செயினில் இருந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் தொடக்ககால டென்ஷனர்கள் தமக்குள்ளேயே ஆயிலை அடைத்துவைத்தவை. எஞ்சின் ஆயிலோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. உள்ளே இருந்த ஆயில் கசிந்தால் செயின் தளரும், பல் தாவும், வால்வு பிஸ்டனில் மோதும். 1984 கரேரா 3.2இல்தான் எஞ்சின் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் வந்தது. அதைப் பழைய எஞ்சின்களிலும் பொருத்தலாம். முதல் செலவு இதற்கே ஆக வேண்டும். இரண்டாவது, வால்வு கைடு. வெளியேற்று வால்வு தன் சூட்டை சீட் வழியாகவும் கைடு வழியாகவும்தான் இறக்கிவைக்கிறது. குளிர்காற்று மேலிருந்து வருவதால் கீழ்ப்பக்கம் இருக்கும் அந்த வால்வுக்குக் கிடைப்பது மிச்சக் காற்று. 1970களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போன 2.7 லிட்டர் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த வெப்ப உலைகள் இந்தச் சூட்டை இன்னும் ஏற்றின. கைடுகள் சீக்கிரமே தேய்ந்தன. ஹெட் கழற்றிய கையோடு தேய்ந்த கைடுகளை நல்ல வெண்கலக் கலவைக் கைடுகளாக மாற்றாமல் புதிய வால்வு போடுவது வீண் செலவு.

பந்தய எஞ்சின்களில் டைட்டானியம் ரீட்டெய்னரும் கடினமான ஸ்பிரிங்கும் கூரிய கேமும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு பிரித்துப் பார்க்கப்படும் எஞ்சின்கள் அவை. சாலை வண்டியில் கடினமான ஸ்பிரிங், கேமின் முனையையும் ராக்கரின் உரசுமுகத்தையும் ஓயாமல் அழுத்தித் தேய்க்கும். போர்ஷேயே வேறு வழியில்தான் போனது. 1973 கரேரா ஆர்எஸ் 2.7, முந்தைய 2.4 எஸ் எஞ்சினின் கேமையும் வால்வுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கொள்ளளவை மட்டும் கூட்டி 190 குதிரைத்திறனை 210 ஆக்கியது. கே-ஜெட்ரானிக் எரிபொருள் ஊட்டம் கொண்ட, 1983 வரையிலான எஞ்சின்களில் இரு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தை நீட்டும் கேம் போட்டால், பின்னடிக்கும் காற்று அளவைத் தட்டை ஆட்டி ஐட்லிங்கையே கெடுக்கும். ராக்கரும் அப்படித்தான். வால்வு பிஸ்டனில் மோதும்போது வார்ப்பு ராக்கர் உடைந்தால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும், சேதம் அத்தோடு நிற்கும். உடையாத ராக்கர் அந்த அடியை வால்வுக்கும் பிஸ்டனுக்கும் கடத்தும். பழைய வார்ப்பு ராக்கரே போதும்.

அசல் பாகம் மாறினால் காரின் மதிப்புக் குறையும் என்பது சேகரிப்பாளர்களின் வாதம். எஞ்சின் எண்ணையும் கிரேங்க்கேஸையும் பொறுத்தவரை அது நியாயம். டென்ஷனரும் கைடும் தயாரிப்பாளரே திருத்திக்கொண்ட பாகங்கள். அவற்றில் பழையதைப் பிடித்துத் தொங்குவது எஞ்சினையே பணயம் வைப்பதாகும். எதை மாற்றினாலும் கடைசியில் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்தான் தீர்ப்புச் சொல்லும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும், 0.10 மி.மீ. தகடு வால்வு முனைக்கும் அட்ஜஸ்டர் பாதத்துக்கும் நடுவே லேசான பிடிப்போடு வழுக்க வேண்டும். 1-6-2-4-3-5 என்ற எரிப்பு வரிசையில் 12 வால்வுகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். வெளியேற்று வால்வுகள் ஆறும் காருக்கடியில் படுத்துத்தான். லாக் நட்டை இறுக்கும்போது திருகு சற்றே நகரும் என்பதால் இறுக்கிய பிறகும் ஒருமுறை தகட்டைச் செலுத்திப் பார்ப்பது முறை. 993இல் ஹைட்ராலிக் அமைப்பு வந்தபின் இந்த வேலை இல்லாமல் போனது. பழைய எஞ்சின்களுக்கான டென்ஷனர், கைடு, ஸ்பிரிங், கேம் ஆகியவை இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.